பீரோவில் பூட்டிய பெட்டி பாடாது



இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று மட்டும் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும். முப்பத்து மூன்று வருடம் வீட்டுப்பாட நோட்டு திருத்தியவள் நான்.

போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன். என்னிடம் படித்த பெண். இப்போது அவளே ஓர் அரசுப் பள்ளியில் பாட்டு டீச்சர். குரலில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

"டீச்சர், நாளன்னிக்குக் கலைத் திருவிழா. பிள்ளைங்களுக்கு அஞ்சு கட்டை சுருதி. பெட்டியில பஞ்சமம் மட்டும் பேசவே மாட்டேங்குது. கடைக்காரர் ஒரு வாரம் ஆகும்கிறார். நான் என்ன பண்ணுவேன்?"

ஹார்மோனியத்தை ஆட்டோவில் வைத்து வீட்டுக்கே தூக்கி வந்திருந்தாள். வீடியோ காலில் வரச் சொன்னேன். "ஸ்க்ரூட்ரைவர் இருக்கா?" என்றேன். "அவர்கிட்ட இருக்கும் டீச்சர், அவரையே கூப்பிடட்டுமா?" என்றாள். "ஸ்க்ரூட்ரைவரை மட்டும் வாங்கிட்டு வா. திறக்கறது நீதான்" என்றேன்.

இருபது நிமிஷம். ஒவ்வொரு திருகாக எடுத்து, எந்தத் திருகு எங்கே இருந்தது என்று ஒரு தாளில் வரிசையாக வைக்கச் சொன்னேன். கட்டைகள் இருக்கும் பலகையைத் தூக்கினாள். அடியில் பித்தளை ரீடுகள் வரிசையாக இருந்தன. பேசாத கட்டைக்கு உரிய ரீடைக் கண்டுபிடித்தோம். அதன் நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஏதோ பூச்சியின் கால் மாதிரி ஒரு துணுக்கு. மெல்லிய தாள் ஒன்றை உள்ளே நுழைத்து மெதுவாக இழுத்தாள். துணுக்கு வெளியே வந்தது. பெட்டியை மூடித் துருத்தியைப் போட்டதும் பஞ்சமம் கணீரென்று பேசியது. அந்தப் பக்கம் அவளும் அவள் வீட்டுக்காரரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் இருந்த இடத்தில் ஒரு காலத்தில் நானும் இருந்தேன். அன்றைக்கு எனக்குக் கூப்பிட ஆள் இல்லை.

நான் 1986இல் கும்பகோணம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சராகச் சேர்ந்தேன். முதல் நாளே தலைமையாசிரியர் அம்மா ஒரு கொத்துச் சாவியைக் கொடுத்து, "பாட்டு ரூம் பீரோ. உள்ளே இருக்கிற எல்லாம் இனிமே உங்க பொறுப்பு" என்றார். திறந்து பார்த்தேன். ஒரு ஹார்மோனியம், ஒரு வீணை, ஒரு மிருதங்கம், ஒரு வயலின், ஒரு தம்புரா. பார்த்ததும் மனசு நிறைந்தது. தொட்டுப் பார்த்ததும் தெரிந்தது, ஹார்மோனியத்தைத் தவிர ஒன்றும் உருப்படியாகப் பேசாது. அதிலும் மூன்று கட்டை ஊமை. சரக்குப் பதிவேட்டில் மட்டும் ஐந்தும் நல்ல நிலையில் இருந்தன.

எனக்குப் பாடத் தெரியும். ஸ்வரம் எழுதத் தெரியும். பாடத்திட்டம் போடத் தெரியும். பயிற்சியில் அதெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பெட்டி ஏன் பேசாமல் போகிறது, தந்தி அறுந்தால் எப்படிப் போடுவது என்று யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை. அது நம் வேலை இல்லை என்றுதான் நாங்களும் நினைத்துக்கொண்டோம்.

அந்த நினைப்புக்கு ஒரு பிள்ளை விலை கொடுத்தாள். இதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

1991. எட்டாம் வகுப்பு. பெயர் வேண்டாம். அம்மா பூக்கட்டி விற்பவர். அந்தப் பெண்ணுக்குக் கடவுள் கொடுத்த குரல். மூன்று ஸ்தாயியும் அலட்டாமல் பேசும். மாவட்டப் போட்டிக்கு அவளைத் தயார் செய்யலாம் என்று முடிவெடுத்தேன். பெட்டியில் ஊமைக் கட்டைகள் அதற்குள் ஐந்தாகியிருந்தன. ஜூலை மாதம் நகரத்தில் ஒரு கடைக்கு அனுப்பினோம். ஆகஸ்டில் கேட்டால் "அடுத்த வாரம்". அக்டோபரில் கேட்டால் "பார்ட்ஸ் வரணும்". சுருதி இல்லாமல் என் தொண்டையை வைத்துக்கொண்டே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சுருதி ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். எனக்கே நம்பிக்கை போய்விட்டது. "இந்த வருஷம் வேண்டாம்டி, அடுத்த வருஷம் பெட்டி வந்துடும், பார்த்துக்கலாம்" என்றேன். அவளும் தலையாட்டினாள்.

ஜனவரியில் பெட்டி வந்தது. கூடவே ஒரு ரசீது. அதில் எழுதியிருந்தது ஒரே வரிதான்: ரீடு சுத்தம் செய்தது.

அந்தக் கோடை விடுமுறைக்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னாள். நான் சொன்ன அந்த அடுத்த வருஷம் அவளுக்கு வரவே இல்லை.

பெட்டி பேசியிருந்தால் அவள் படிப்பு நின்றிருக்காது என்று நான் சொல்லவில்லை. வறுமைக்கு ஹார்மோனியம் மருந்தல்ல. ஆனால் ஒரு மேடை அவளுக்குக் கிடைத்திருக்கும். ஒரு காகிதத்துண்டு செய்யும் வேலைக்காக ஆறு மாதம் காத்திருந்ததால் அது போயிற்று. கடைக்காரரை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அந்தக் கோடையில்தான் கும்பகோணத்தில் பெட்டி சரிபார்க்கும் ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். "டீச்சரம்மா, உங்களுக்கு எதுக்கு இந்தத் தூசி?" என்றார். நான் போகவில்லை. பத்து நாள் அவர் கடை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தேன். பதினோராம் நாள் அவராகவே ஒரு பழைய பெட்டியை என் முன்னால் தள்ளி, "திறங்க" என்றார். என் பி.ஏ.வுக்கும் பயிற்சிச் சான்றிதழுக்கும் பக்கத்தில் வைக்கவேண்டிய பட்டம் அந்த ஒரு சொல்தான்.

அவரிடமும் பிறகு மற்றவர்களிடமும் கற்றதில், ஒரு பள்ளிப் பாட்டு டீச்சருக்கு அவசியம் என்று நான் நினைப்பவற்றை இங்கே எழுதுகிறேன். பாட்டு டீச்சர்களாக இருக்கும் என் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹார்மோனியம். ஒரு கட்டை பேசவில்லை என்றால் பத்தில் எட்டு முறை ரீடில் தூசிதான். தாளும் மெல்லிய தூரிகையும் போதும். கட்டையை விட்ட பிறகும் ஒலி நிற்காமல் கூவிக்கொண்டே இருந்தால், அந்தக் கட்டைக்கு அடியில் இருக்கும் மூடி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். மூடியின் தோலில் குப்பை இருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். துருத்தியில் காற்றை நிரப்பிவிட்டு எந்தக் கட்டையையும் தொடாமல் காது கொடுத்துக் கேளுங்கள். உஸ்ஸென்று காற்று போனால் எங்கேயோ ஓட்டை. மெல்லிய தோல் துண்டும் பசையும் இருந்தால் சின்ன ஓட்டையை நீங்களே அடைக்கலாம். மழைக்காலத்தில் கட்டைகள் இறுகிக்கொண்டால் பயப்படாதீர்கள். மரம் ஈரம் குடித்திருக்கிறது. காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், வெயிலில் வைக்காதீர்கள்.

வயலின். பிரடை வழுக்கி சுருதி நிற்கவில்லையா? பிரடையை வெளியே இழுத்து, சாக்பீஸ் தூளை லேசாகத் தடவுங்கள். நம் பள்ளிகளில் தட்டுப்பாடே இல்லாத பொருள் அது ஒன்றுதானே. தந்தி மாற்றும்போது நான்கையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள். உள்ளே சவுண்ட் போஸ்ட் என்று ஒரு சின்ன மரக்குச்சி நிற்கிறது. அது ஒட்டப்படாதது. மேல் பலகையின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. எல்லாத் தந்தியையும் எடுத்தால் குச்சி விழுந்துவிடலாம். ஒன்றைக் கழற்றி, ஒன்றைப் போட்டு, அடுத்ததற்குப் போங்கள். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி வைக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே பழக்குங்கள்.

தம்புரா. நாதம் மொண்ணையாக இருந்தால் தம்புராவைக் குறை சொல்லாதீர்கள். குதிரையின் மேல் தந்திக்கு அடியில் ஒரு பருத்தி நூல் வைக்கவேண்டும். அதற்கு ஜீவா என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ! அதை இம்மி இம்மியாக நகர்த்தினால் ஓர் இடத்தில் தம்புரா உயிர் பெற்றுப் பேசும். ஒரு நூலுக்கு என்ன செலவு?

எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி. கோடை விடுமுறைக்கு முன்னால் பேட்டரியை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் அது உள்ளேயே கசிந்து, ஜூன் மாதம் பச்சை பூத்துக் கிடக்கும்.

மிருதங்கம். தொப்பிப் பக்கம் பூசிய ரவையை வாசித்து முடித்ததும் சுரண்டித் துடைத்துவிட வேண்டும். விட்டால் எறும்பும் கரப்பானும் எலியும் விருந்துக்கு வந்துவிடும். ஜன்னல் ஓரம் வைக்கக் கூடாது. சுருதி கொஞ்சம் இறங்கினால் மூட்டில் சமமாகத் தட்டி ஏற்றப் பழகலாம். அதற்கு மேல் கை வைக்கக் கூடாது.

எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதும் இந்தக் கல்வியில் பாதி. இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன்.

தெம்பு வந்த புதிதில் ஒரு ரீடின் சுருதி குறைவாக இருக்கிறதென்று நானே சுரண்டினேன். ரீடின் நுனிப் பக்கம் சுரண்டினால் சுருதி ஏறும், அடிப் பக்கம் சுரண்டினால் இறங்கும். நான் மாற்றிச் சுரண்டிவிட்டேன். இறங்கியது. இன்னும் சுரண்டினேன். இன்னும் இறங்கியது. சுரண்டிய பித்தளை திரும்பி வராது. ரீடே போயிற்று. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா, நானும் இப்படி நாலஞ்சு கொன்னுருக்கேன்" என்றார்.

வீணையில் செய்தது அதைவிட மோசம். கோடை வெப்பத்தில் மெழுகு இளகி இரண்டு மெட்டுகள் சாய்ந்துவிட்டன. தஞ்சாவூர் வீணையில் இருபத்து நான்கு மெட்டுகளும் மெழுகில்தான் பதிக்கப்படுகின்றன. இளகினால் திருத்தலாம் என்பதுதான் அதன் அழகு. நான் என்ன செய்தேன்? கடையில் விற்கும் பசையை வைத்து இரண்டையும் ஒட்டிவிட்டேன். பிறகு தஞ்சாவூருக்கு எடுத்துப் போனபோது வீணை செய்பவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பசையைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் ஆயிற்று. அந்த அரை நாளும் நான் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் திட்டியிருந்தாலே தேவலை.

அதனால்தான் சொல்கிறேன். தூசி துடைப்பது, தந்தி போடுவது, நூல் வைப்பது, சின்ன ஓட்டை அடைப்பது டீச்சர் வேலை. மேளம் கட்டுவது, ரீடு சுருதி சேர்ப்பது, மிருதங்கத்துக்கு வார் பிடிப்பது, கரணை போடுவது கைவினைஞர் வேலை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோட்டைத் தெரிந்துகொள்ளவே பயிற்சி வேண்டும்.

"அவங்க பிழைப்புல கை வைக்கிறீங்களா டீச்சர்?" என்று சிலர் கேட்பார்கள். என் அனுபவம் நேர் எதிர். நான் கற்றுக்கொள்ளும் முன்பு எங்கள் பள்ளிக் கருவிகள் கைவினைஞரிடம் போகவே இல்லை. பீரோவில் கிடந்து செத்து, "கண்டம்" என்று எழுதப்பட்டன. கற்ற பிறகுதான் எது யாரிடம் போகவேண்டும் என்று தெரிந்தது. பள்ளியில் வாசிப்பு நடந்தால்தான் கருவி தேயும். தேய்ந்தால்தான் அவர்களுக்கு வேலை வரும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இசை வகுப்பில் மும்மூர்த்திகள் பெயர் சொல்கிறோம். வித்வான்கள் பெயர் சொல்கிறோம். கருவி செய்தவர் பெயரை எப்போதாவது சொன்னோமா? மிருதங்கத்துக்குப் பசு, ஆடு, எருமை என மூன்று தோலும் வேண்டும். அந்தத் தோலைப் பதம் பார்த்து, அறுத்து, கட்டி, நாதம் வரவைப்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற ஆங்கிலப் புத்தகம் எழுதினார். படித்தபோது வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் மிருதங்கத்தைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன். அதைச் செய்தவர்களில் பெரும்பாலோரை இந்தச் சமூகம் எங்கே நிறுத்தியிருக்கிறது என்று கேட்டதில்லை. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பக்கத்து நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் கிடைத்தது. சந்தோஷம். ஆனால் குறியீடு கிடைத்த ஊரிலிருந்து ஒரு கைவினைஞரைப் பக்கத்துப் பள்ளிக்கு அழைத்து, நாற்காலி போட்டு, பிள்ளைகள் முன்னால் பேசச் சொன்னோமா?

"ஏற்கெனவே ஆசிரியர்களுக்கு ஆயிரம் வேலை, இதுவும் வேண்டுமா?" என்றும் கேட்பீர்கள். நியாயம்தான். ஓட்டர் லிஸ்ட்டும் சென்சஸும் பார்த்தவள்தான் நானும். இது கூடுதல் வேலை இல்லை. கரும்பலகையைத் துடைக்காமல் கணக்கு போட முடியுமா? அதுபோலத்தான். அமெரிக்காவில் பள்ளி பேண்டு ஆசிரியராகப் படிப்பவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்களில் கருவிப் பழுதுபார்ப்பு ஒரு பாடமாகவே இருக்கிறது. நம்மிடம் அதைவிடப் பெரிய வசதி உண்டு. கருவி செய்பவரே பஸ் பிடித்துப் போகும் தூரத்தில் இருக்கிறார்.

"இப்பல்லாம் போன்லயே சுருதி வருதே பாட்டி" என்கிறான் என் பேரன். வருகிறது, நானும் நடக்கும்போது அதை வைத்துத்தான் பாடுகிறேன். ஆனால் போனைத் திறந்து காட்டி எந்தப் பிள்ளைக்கும் ஒன்றையும் புரியவைக்க முடியாது. நான் வருடத்துக்கு ஒரு முறை பெட்டியை வகுப்பிலேயே திறப்பேன். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நீள ரீடு கனத்த ஒலி, குட்டி ரீடு கீச்சொலி என்று கண்ணால் பார்த்தீர்கள். இயற்பியல் டீச்சர் வந்து பார்த்துவிட்டு, மறுநாள் தன் வகுப்புக்குப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். பாட வராது என்று பின்னால் ஒளிந்த பிள்ளைகள்தான் அன்றைக்கு முன்வரிசையில் நின்றார்கள். திருகு எண்ணி வைத்தவள், தூரிகை பிடித்தவள், சரியான பிறகு முதல் கட்டையை அமுக்கியவள் எல்லாரும் அவர்கள்தான். பாட்டு வகுப்பில் அவர்களுக்கும் ஓர் இடம் இருந்தது.

ஆரம்பத்தில் அலுவலக உதவியாளர் சிரிப்பார், "பாட்டு டீச்சர் ஸ்க்ரூட்ரைவர் எடுத்துட்டாங்கடோய்" என்று. ஒரு பெண்கள் பள்ளியில் அறுநூறு பெண் பிள்ளைகள் பார்க்க ஒரு டீச்சர் ஸ்க்ரூட்ரைவர் எடுத்தது நல்லதுக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவது நான்கு விஷயங்கள்.

ஒன்று, இசை ஆசிரியர் பயிற்சியில் இரண்டு வாரமாவது கருவிப் பராமரிப்பு வேண்டும். கரும்பலகையில் எழுதிப் போடும் பாடமாக இல்லாமல் ஒரு பட்டறையில் உட்கார்ந்து கற்கும் பாடமாக. சொல்லிக் கொடுப்பவர் கைவினைஞராக இருக்கவேண்டும். அவருக்கு மற்ற கருத்தாளர்களுக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியம் கொடுக்கவேண்டும்.

இரண்டு, ஒரு தந்தி வாங்க மூன்று கையெழுத்து கேட்காத அளவுக்கு ஒரு சின்னத் தொகை பாட்டு டீச்சர் கையில் இருக்கவேண்டும். தந்தி, ரோசின், தோல் துண்டு, நூல், ஒரு சின்ன ஸ்க்ரூட்ரைவர் செட். வேறென்ன வேண்டும்?

மூன்று, சரக்குப் பதிவேட்டில் "இருக்கிறது" என்பதோடு "பேசுகிறதா" என்று ஒரு பத்தி வேண்டும். தணிக்கைக்கு வருபவர் எண்ணிப் பார்க்கிறார். ஒரு கட்டையை அமுக்கியும் பார்க்கட்டும். தொட்டால் உடைந்துவிடும், உடைந்தால் நம் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயத்தில்தான் பல டீச்சர்கள் பீரோவைத் திறப்பதே இல்லை. அந்தப் பயத்தை எடுக்கவேண்டியது மேலே இருப்பவர்கள்.

நான்காவது, உங்களுக்கு. உங்களில் தலைமையாசிரியர்கள் இருக்கிறீர்கள், பெற்றோர் குழுவில் இருக்கிறீர்கள், வெளிநாட்டில் சம்பாதிக்கிறீர்கள். பள்ளிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று என்னிடம் கேட்கும் போதெல்லாம் புதுசாக ஒரு கீபோர்டு வாங்கித் தரட்டுமா என்கிறீர்கள். வாங்கித் தருவதற்கு முன்னால் பாட்டு ரூம் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே இருப்பதைச் சரி செய்ய ஒரு நாள் ஒரு கைவினைஞரை அழைத்து வாருங்கள். அவர் வேலை செய்யும்போது டீச்சரும் பிள்ளைகளும் பக்கத்தில் உட்காரட்டும். புதுக் கருவியும் ஒரு நாள் பழுதாகத்தான் போகிறது. அன்றைக்குச் சரி செய்யத் தெரிந்த ஓர் ஆள் பள்ளிக்குள் இருக்கட்டும்.

கலைத் திருவிழா முடிந்து அந்தப் பெண் நேற்று மறுபடி கூப்பிட்டாள். பரிசு வந்ததா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "டீச்சர், பீரோவில ஒரு வயலின் இருக்கு. பிரடை நிக்கல" என்றாள்.

"சாக்பீஸ் இருக்கா?" என்றேன்.

உங்கள் பள்ளி பீரோவில் என்ன இருக்கிறது? இந்த மாதத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். இதுதான் வீட்டுப்பாடம்.

அன்புடன்,
உங்கள் பாட்டு டீச்சர்